திரையில்லாத பெட்டி

காலை பதினொன்று இருபதுக்கு ஆர்லன் நுட்சன் எண்டர் பொத்தானைத் தட்டினார். அந்த நொடியிலிருந்து, அறுபத்து மூன்று மைல் தள்ளியிருந்த கெட்டில் ஏரிப் பள்ளிக்கூடத்து ரவுட்டர் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டது.

மறுபடி கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லை. தன் மேஜைக் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுவிட்டுக் கூப்பிட்டார். அப்போதும் இல்லை. ஒரு மணிக்கு அந்தப் பள்ளியில் நாற்பத்தொரு பிள்ளைகள் மாநிலப் பரீட்சை எழுத வேண்டும். இந்த வருஷத்திலிருந்து பரீட்சை தாளில் கிடையாது, இணையத்தில்தான்.

பரீட்சை பிள்ளைகளுக்கு என்றாலும் தேற வேண்டியவர் ஆர்லன். பள்ளி மாவட்டத்தின் இணைய வேலைகளைப் பார்த்துவந்த நகரத்துக் கம்பெனியின் ஒப்பந்தம் நவம்பரில் முடிந்தது. மாவட்டக் கண்காணிப்பாளர் மார்லிஸ் அவரைக் கூப்பிட்டு, முப்பது வருஷமாகக் கம்ப்யூட்டர் பார்க்கிறவர் இதையும் பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டார். பரீட்சை ஒழுங்காக நடந்தால் ஓய்வு பெறும்வரை கம்ப்யூட்டர், இணையம் இரண்டும் ஆர்லன் பொறுப்பு. நடக்காவிட்டால் இரண்டும் கம்பெனிக்குப் போகும், அவர் வீட்டுக்குப் போகலாம். ஓய்வுக்கு இன்னும் நான்கு வருஷம் இருந்தது. வடக்கு மினசோட்டாவில் ஐம்பத்தெட்டு வயதுக்காரனுக்குப் புது வேலை தர யாரும் வரிசையில் நிற்கவில்லை.

ரவுட்டரும் ஒரு கம்ப்யூட்டர்தானே என்று ஆர்லன் ஒத்துக்கொண்டார். அது பாதி உண்மை. உள்ளே மூளை உண்டு, நினைவு உண்டு, ஓட்டுவதற்கு மென்பொருள் உண்டு. ஆனால் கம்ப்யூட்டர் வீட்டுக்காரன் மாதிரி. கடிதம் வந்தால் பிரித்துப் படிப்பான், பெட்டியில் பூட்டி வைப்பான், நடுவில் பாட்டும் கேட்பான். ரவுட்டர் தபால்காரன். முகவரியைப் பார்த்து அடுத்த தெருவுக்குத் தள்ளிவிட்டால் அவன் வேலை முடிந்தது. அவனுக்குத் திரை எதற்கு, கடிதங்களை அடுக்கிவைக்கப் பெரிய அலமாரி எதற்கு? இன்னொன்றும் உண்டு. கம்ப்யூட்டர் சொன்னதை விட்டுவிட்டுச் சொல்லாததையெல்லாம் செய்யும். ரவுட்டருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது, சொன்னதை மட்டும்தான் செய்யும். இதெல்லாம் புத்தகத்தில் படித்து ஆர்லனின் தலைக்குத் தெரியும். அவர் கைக்குத்தான் தெரியாது.

அன்று காலை அவர் செய்தது இவ்வளவுதான். கெட்டில் ஏரிக்குப் போகும் இணைப்பு நோஞ்சான். பரீட்சை நேரத்தில் வேறு ஏதாவது வந்து பாதையை அடைத்துக்கொண்டு நிற்கக் கூடாதே என்று, ‘பரீட்சைத் தளத்துக்கு வழி விடு’ என ரவுட்டருக்கு ஒரு வரி எழுதினார். எழுதிய கையோடு சேமித்தார். எண்டர் தட்டினார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதைதான்.

கால் மணி நேரத்துக்குள் அவருடைய கைபேசி அடித்தது. கெட்டில் ஏரிப் பள்ளியின் சமையற்காரர் டெலோரஸ். அங்கே கைபேசிக்கு உயிர் வருகிற ஒரே இடம் கொடிக்கம்பத்தடி. அன்றைக்குக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு. ஆசிரியர்கள் பிள்ளைகளை விட்டு நகர முடியாது என்று அடுப்பை அணைத்துவிட்டு அவர் வந்திருந்தார்.

“மெயில் திறக்கல, வருகைப் பதிவு திறக்கல, இன்டர்நெட்டுல ஓடுற ஆபீஸ் போனும் செத்துப்போச்சு. என்ன பண்ணித் தொலைச்சீங்க ஆர்லன்?”

“நான் ஒண்ணும் பண்ணல. அது ஹேங் ஆயிருக்கும். துடைப்பம் வைக்கிற ரூம்ல ஒரு பெட்டி இருக்கு பாருங்க, அதுல ஒரு ஸ்கிரீனை மாட்டி…”

“பார்த்துட்டுத்தான் வர்றேன். ஸ்கிரீன் மாட்ட அதுல ஓட்டையே கிடையாது. கீபோர்டுக்கும் கிடையாது. கண்ணும் இல்ல, வாயும் இல்ல. இதை எந்த இன்டர்வியூல வேலைக்கு எடுத்தீங்க?”

பரீட்சைத் தளம் திறக்கிறதா என்று பார்க்கச் சொல்லலாம் என்றால், அது ஒரு மணிக்குத்தான் கதவே திறக்கும். வேறு வழி இல்லாமல், கரண்டு வயரைப் பிடுங்கி முப்பது எண்ணிவிட்டு மறுபடி சொருகச் சொன்னார் ஆர்லன். டெலோரஸ் பனியில் உள்ளே போய், பிடுங்கி, எண்ணி, சொருகி, மறுபடி கொடிக்கம்பத்துக்கு வந்தார்.

“எல்லா விளக்கும் நல்லாத்தான் எரியுது. ஒண்ணும் திறக்கல. என் மூக்கு மட்டும் உறைஞ்சுபோச்சு.”

இங்கே ஆர்லனின் பழைய புண்ணியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மாவட்டத்தில் உள்ள எல்லா அறைகளிலும் ‘சேமித்தாயா?’ என்று அட்டை எழுதி ஒட்டியவர் அவர். கம்ப்யூட்டர்க்காரனுக்கு அதைவிட நல்ல புத்தி கிடையாது. ரவுட்டர்க்காரர்கள் தலைகீழ். புதிதாகச் சொன்னதை அது மனதில் மட்டும் வைத்திருக்கும். சொன்னது தப்பாகப் போனால் வயரைப் பிடுங்கினால் போதும், பழைய புத்தியோடு எழுந்து உட்காரும். அதனால் அவர்கள் முதலில் சோதிப்பார்கள், கடைசியில்தான் சேமிப்பார்கள். ஆர்லன் முதலிலேயே சேமித்துவிட்டார். பெட்டி தூங்கி எழுந்து, அவர் சொன்னதையே மறக்காமல் செய்துகொண்டிருந்தது.

இன்னொரு தடவை பிடுங்கிப் பாருங்கள் என்று அவர் சொல்ல ஆரம்பித்தபோது குளிரில் டெலோரஸின் கைபேசி அணைந்துபோனது. அதற்குப்பின் கெட்டில் ஏரியிலிருந்து எந்தச் செய்தியும் இல்லை.

நேரில் போவதுதான் வழி. அந்தப் பெட்டியோடு நேராகப் பேச ஒரு சின்னத் துளையும் ஒரு நீல வயரும் உண்டு. வயரின் மறுமுனை பழைய காலத்து அகலமான சொருகி. ஆர்லனின் மடிக்கணினியில் அதற்கு இடமில்லை. கிடங்கில் கிடந்த ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. கோபுரம் போன்ற அதன் பெட்டி, பன்றிக்குட்டி கனமுள்ள திரை, கீபோர்டு எல்லாவற்றையும் போர்வையில் சுற்றி வண்டியில் ஏற்றினார். திரையே இல்லாத பெட்டிக்குத் திரையைச் சுமந்துகொண்டு போகிற கோலம் அவருக்கே சிரிப்பாக இருந்தது, ஆனால் சிரிப்பு வரவில்லை.

கிளம்பும் முன் மார்லிஸுக்குப் போன் செய்து, சின்னக் கோளாறு, போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். நல்லதாய்ப் போயிற்று, முதல் பரீட்சையைப் பார்க்க நானும் அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறேன், பாதி தூரம் வந்துவிட்டேன் என்றார் மார்லிஸ். ஆர்லன் போனை வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

நெடுஞ்சாலையில் ஒரு பனிவாரும் வண்டி முன்னால் மாட்டியது. மணிக்கு இருபது மைல். முந்தவும் முடியாது. வண்டிக் கடிகாரம் ஒன்று காட்டியபோது அவர் பாதிதான் வந்திருந்தார். இந்நேரம் நாற்பத்தொரு பிள்ளைகளும் வெறும் திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு முன்னால் மார்லிஸ் கைகட்டி நின்றிருப்பார்.

கம்பெனியில் வேலை பார்த்த பெண்ணின் நம்பர் அவரிடம் இருந்தது. நவம்பரிலேயே ஒரு போன் போட்டு, இதில் எனக்கு என்னவெல்லாம் தெரியாது என்று கேட்டிருக்கலாம். முப்பது வருஷம் மற்றவர்கள் வந்து சந்தேகம் கேட்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு வாய் வரவில்லை. அந்த வெட்கம்தான் இப்போது வேலையைக் கொண்டுபோகப் போகிறது. பனிக்கு நடுவே அவர் தன்னையே திட்டிக்கொண்டு ஓட்டினார். கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது. அந்த வேலை அவருக்குப் பிடித்திருந்தது.

இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார். முன்வாசலில் மார்லிஸின் கார் நின்றது. ஆர்லன் வண்டியைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார். பள்ளிக்கூடத்தில் ஈ பறக்கிற சத்தம்கூட இல்லை. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று புரிந்துகொண்டார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த டெலோரஸ் அவரைப் பார்த்ததும் முறைத்து, உதட்டில் விரலை வைத்தார். பேசாதே என்கிறார். மூக்கு உறைந்தவருக்குக் கோபம் இருக்காதா என்று தலையைக் குனிந்தபடி திரையைத் தூக்கிக்கொண்டு துடைப்ப அறைக்குள் நுழைந்தார்.

ரவுட்டரின் விளக்குகள் பைத்தியம் பிடித்த மாதிரி துடித்துக்கொண்டிருந்தன. கம்ப்யூட்டரில் விளக்கு இப்படித் துடித்தால் அது மூச்சுத் திணறிச் சாகப் போகிறது என்று அர்த்தம். ஆர்லன் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் திரையை வைத்தார், கிழட்டுக் கம்ப்யூட்டரையும் கொண்டுவந்து அதனோடு மாட்டினார். நீல வயரைச் சொருகினார். ரவுட்டர் உடனே எழுந்து மரியாதையாகக் கடவுச்சொல் கேட்டது. உயிர் இருக்கிறது, புத்திதான் கெட்டிருக்கிறது என்று முடிவு கட்டினார்.

என்ன நடந்தது என்று அதைக் கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்லும். ஆனால் முப்பது வருஷமாக அவர் எந்தக் கம்ப்யூட்டரையும் விசாரித்ததில்லை. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஏற்றுவார். அது அவருடைய ஒரே வைத்தியம். சேமித்ததையெல்லாம் அழிக்கவா என்று பெட்டி கேட்டது. அழி என்றார். இனி அது மனதில் இருப்பதை வைத்துக்கொண்டுதான் ஓடும். வயரைப் பிடுங்கினால் எல்லாம் மறந்து, பிறந்த குழந்தையாக எழுந்திருக்கும். ஒரு மணி நேரத்தில் புதிதாக எழுதிவிடலாம். நாளைக்கு மறுபரீட்சை வைக்கச் சொல்லி மார்லிஸின் காலில் விழலாம்.

கரண்டு வயரைப் பிடித்தார். அது இறுக்கமாக இருந்தது. சுவரில் முழங்காலை ஊன்றி இழுத்ததில் சொருகி பாதி தளர்ந்தது, முழங்கை இடித்து நாலு துடைப்பங்கள் தடதடவென்று சரிந்தன. கதவைத் திறந்துகொண்டு டெலோரஸ் எட்டிப் பார்த்தார். சிரிப்பை அடக்கியபடி தணிந்த குரலில் சொன்னார்.

“மெதுவாங்க, பசங்க ஒரு மணியிலேருந்து பரீட்சை எழுதிக்கிட்டிருக்காங்க, அதைத் தவிர வேற எதுவுமே திறக்காத மாதிரி பண்ணி வச்ச கெட்டிக்காரர் எங்கன்னு மார்லிஸ் உங்களைத்தான் தேடிக்கிட்டிருக்காங்க.”