கதவக்காவின் கடைசிக் கோடு

விழுப்புரம் மாவட்டத்தில் ஓடிக்கொண்டிருந்த கல்யாணப் பந்தியை ஒற்றை ஆளாக நிறுத்திய பெருமை எங்கள் கதவக்காவைத் தவிர வேறு யாருக்கும் கிடையாது. நகைத் தகராறு இல்லை, மரியாதைத் தகராறு இல்லை. எங்கள் துறை கிளார்க்குக்குத் திண்டிவனத்தில் கல்யாணம். பரிமாற வந்தவர் அவசரத்தில் முதலில் சோற்றைக் கொட்டிவிட்டு, அப்புறம் பொரியலைத் தூக்கிக்கொண்டு வந்தார். கதவக்கா இலைக்கு மேலே கையை விரித்து மறித்துவிட்டார்.

"அண்ணே, நில்லுங்க. மேல வெக்கறத மேல வெச்சிட்டுதான் கீழ வரணும். அதுவும் இடது பக்கத்துலருந்து."

"யம்மா, இருவது வருஷமா பரிமாறிக்கினு இருக்கறேன். வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதான்."

"அப்ப இருவது வருஷமா தப்பா பரிமாறிக்கினு இருக்கறீங்க."

பரிமாறியவருக்குப் பின்னால் சாம்பார் வாளி நின்றது. சாம்பாருக்குப் பின்னால் ரசம், ரசத்துக்குப் பின்னால் மோர். மாப்பிள்ளையின் மாமா பதறி ஓடி வந்து, புது இலை போட்டு, உப்பிலிருந்து ஆரம்பித்து வைத்த பிறகுதான் பந்தி நகர்ந்தது. பக்கத்து இலையில் இருந்த நான், இந்த அம்மாவை இதற்கு முன் பார்த்ததே இல்லை என்பது போல அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன்.

அவருக்கு வேறு கோளாறு எதுவும் கிடையாது. சீன மொழி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

விழுப்புரத்துக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு பல்கலைக்கழகத்தில் நாங்கள் இருவரும் ஆராய்ச்சி மாணவர்கள். சனி, ஞாயிறு நடக்கும் சீனச் சான்றிதழ் வகுப்புகளை எங்கள் தலையில் கட்டியிருந்தார்கள். தொடக்க நிலை எனக்கு, இடைநிலை அவருக்கு. திண்டிவனம் பக்கம் செருப்புத் தொழிற்சாலைகள் வந்த பிறகு, சீனம் தெரிந்தால் மொழிபெயர்ப்பாளர் வேலை நிச்சயம் என்று ஒரு பேச்சு. அதை நம்பி என் வகுப்பில் நாற்பது பேர் சேர்வார்கள். எழுத்துகளைப் பார்த்ததும் முப்பது பேர் காணாமல் போவார்கள். மிச்சம் பத்து பேர் கதவக்காவிடம் போய்ச் சிக்குவார்கள்.

சீன எழுத்தை நினைத்தபடி கிறுக்க முடியாது. ஒவ்வொரு கோட்டுக்கும் முறை உண்டு. மேலே இருப்பது முதலில், கீழே இருப்பது பிறகு. இடப்பக்கம் முதலில், வலப்பக்கம் பிறகு. 'நாடு' என்று ஒரு எழுத்து இருக்கிறது. பெட்டி மாதிரி இருக்கும், உள்ளே சில கோடுகள். பெட்டியின் மூன்று பக்கத்தைப் போட்டு, உள்ளே இருக்க வேண்டியதை எழுதி முடித்து, அதற்கப்புறம்தான் அடிக்கோட்டைப் போட்டு மூட வேண்டும். எல்லோரையும் உள்ளே விட்டுவிட்டுத்தான் கதவைச் சாத்த வேண்டும் என்றுதான் குழந்தைகளுக்குக்கூடச் சொல்லிக் கொடுப்பார்கள். நாங்களெல்லாம் அதை எழுதும் முறையாகப் படித்தோம். அவர் மட்டும் வாழும் முறையாகப் படித்துவிட்டார். அதனால்தான் அவர் கதவக்கா. மாணவர்களுக்குக் கதவு மேடம். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது, யாரும் போய்ப் பார்த்ததில்லை.

திருத்துவதற்குத் தாளைக் கொடுத்தால் வாங்க மாட்டார். எழுதும்போதே முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வார். விக்கிரவாண்டி முருகன் ஒருமுறை அச்சில் வார்த்தது போல ஓர் எழுத்தை எழுதி முடித்தான். முட்டை போட்டார்.

"மேடம், எழுத்து சரியாதான இருக்குது?"

"எழுத்து சரி. வந்த வழி தப்பு."

"பஸ்ல எந்தப் படியில ஏறுனா என்ன மேடம், விழுப்புரம் வந்தா சரிதான?"

"எறங்கறவங்கள இடிச்சிக்கினு ஏறுறவன்தான நீ? உன் எழுத்த பாத்தப்பவே நெனச்சேன்."

என் நிலைமை இன்னும் மோசம். நான் கொஞ்சம் தாராளம். பார்க்க எழுத்து மாதிரி இருந்தால் மதிப்பெண் போட்டு மேலே அனுப்பிவிடுவேன். ஒவ்வொரு பருவத்தின் முதல் வாரமும் கதவக்கா நேராக என் அறைக்குப் படையெடுத்து வருவார்.

"ஏண்டா தம்பி, உன் புள்ளைங்க எல்லாம் ஆள வெளியில நிக்க வெச்சிட்டு கதவ சாத்திக்கினு வருதுங்க. நீ என்ன சொல்லிக் குடுக்கற?"

"மனசுக்குள்ள சாத்தலியேக்கா."

"பேசு, நல்லா பேசு. உன் பேஜாரு எனக்கு ஆறு மாசம் ஆவுது கழுவறதுக்கு."

பல்கலைக்கழகத்துக்குப் போகத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவரோடு பஸ் ஏறுவது தனி வேதனை. எல்லோரும் ஏறிய பிறகுதான் அவர் ஏறுவார். கண்டக்டர் தொண்டை வறளக் கத்துவார். "யம்மா, ஏறும்மா ஜல்தி!" ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு, "தோ ஒரு தம்பி வருது பாருங்க, ஏறட்டும்" என்பார். அந்தத் தம்பி பெரும்பாலும் நான்தான். எனக்கும் நேரத்துக்கும் பிறவிப் பகை. ஓடி வந்து ஏறியதும் பஸ்ஸே சேர்ந்து என்னை முறைக்கும். அவர் மட்டும் நிம்மதியாக ஏறி, பையிலிருந்து அவித்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, எடுப்பார். அவர் அப்பா நிலத்தில் விளைந்தது. வகுப்புக்கும் கொண்டு வருவார். கடைசி ஆள் வந்து உட்காரும் வரை யாரும் ஒரு காயைக்கூட உரிக்க முடியாது.

இப்படிப்பட்டவருக்கு அமைந்த வகுப்பறையில் கதவு சாத்தாது. மழையில் ஊறி உப்பிப்போன மரக்கதவு. முக்கால்வாசி வந்து நின்றுவிடும். அவர் பதினொரு மனு கொடுத்தார். ஒவ்வொன்றிலும் கதவின் படம், அளவு, எந்தப் பக்கத்தை முதலில் இழைக்க வேண்டும் என்கிற வரிசை எல்லாம் இருந்தன. பதினொன்றும் எந்தப் பெட்டிக்குள் போனதோ, அந்தப் பெட்டியை ஒழுங்காக மூடிவிட்டார்கள்.

அந்த வருடம் இடைநிலையில் எட்டே பேர் தேறி நின்றார்கள். தேர்வு எழுதுகிறவர்கள் எட்டுக்கு ஒன்று குறைந்தாலும் அந்தப் பருவத்தோடு வகுப்பை மூடிவிடுவதாகத் துறையில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மூடினால் ஒருவருக்கும் சான்றிதழ் கிடையாது. பாதிக் கிணறு தாண்டிய எட்டு பேரும் பாதியிலேயே நிற்க வேண்டியதுதான். எட்டு பேரும் தேர்வுக்கு உட்கார்ந்தாக வேண்டும்.

எட்டாவது ஆள் ஓமந்தூர் மேகலா. செருப்புத் தொழிற்சாலையில் தையல் பிரிவு, இரண்டு பிள்ளைகளின் அம்மா. எதற்குச் சீனம் படிக்கிறாய் என்று முதல் நாள் நான் கேட்டதற்கு, "மேல இருக்கறவரு சீனத்துல திட்டறாரு சார். என்னா திட்டறாருன்னு புரிஞ்சாதான பதில் சொல்ல முடியும்?" என்றவர். என் வாழ்நாளில் இவ்வளவு தெளிவான காரணத்தோடு மொழி படிக்க வந்தவரை நான் பார்த்ததில்லை.

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, அதே வகுப்பறையில். கண்காணிப்பாளராக வந்தவரை எங்கள் வளாகத்தில் அரைமணி சார் என்போம். தேர்வு தொடங்கி அரைமணி ஆனதும் கதவைச் சாத்திவிடுவார். அதற்கப்புறம் துணைவேந்தரே வந்தாலும் வெளியேதான் நிற்க வேண்டும்.

அன்று பார்த்து, பதினோராவது மனுவுக்குப் பலன் கிடைத்தது. காலை ஒன்பது மணிக்கு ஆசாரி வந்து கதவைக் கழற்றி, வராந்தாவில் இரண்டு பெஞ்சின் மேல் கிடத்தினார். "பத்தே காலுக்கு மாட்டிடுவேம்மா" என்றார். கதவக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கல்யாணப் பெண் போல இருந்தார்.

பத்து மணிக்கு ஏழு பேர் எழுத ஆரம்பித்தார்கள். பத்து ஐந்துக்கு என் போன் அடித்தது.

"சார், நான் மேகலா. நைட் ஷிப்டு முடிச்சிட்டு குளிச்சிட்டு ஓடியாறேன் சார். முகூர்த்த நாளு, விக்கிரவாண்டிகிட்ட வண்டி வண்டியா நின்னுக்கினு இருக்குது சார். என்னை வுட்டுடுவாங்களா?"

கதவக்காவிடம் சொன்னேன். அவர் முகத்தில் இருந்த கல்யாணக்களை அப்படியே வடிந்துவிட்டது. ஒரு நிமிடம் கதவையே பார்த்தார். பிறகு ஆசாரியிடம் போனார்.

"அண்ணே, என்ன இது? கீழருந்து மேல இழைச்சிருக்கறீங்க?"

"மரத்துல ரேகை போற போக்குலதாம்மா இழைக்கணும்."

"அதெல்லாம் வேணாம். மேலருந்து கீழ வாங்க. இடது பக்கத்துலருந்து ஆரம்பிங்க."

"எல்லாம் முடிஞ்சிடுச்சிம்மா, மாட்டறதுதான் பாக்கி."

"முடிஞ்சிதுன்னு நான் சொன்னேனா?"

ஆசாரி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பாவம், முதலிலிருந்து தொடங்கினார். கதவக்கா பக்கத்தில் நின்று ஒவ்வோர் அடியையும் விரலால் தடவிப் பார்த்து, "இங்க இன்னும் கொஞ்சம்" என்றார். இத்தனை வருடமாக எங்கள் உயிரை வாங்கிய அந்த வரிசைப் பைத்தியம் அன்றைக்கு மட்டும் குறையவே கூடாது என்று நான் முழு மனதோடு வேண்டிக்கொண்டேன்.

சரியாகப் பத்தரைக்கு அரைமணி சார் எழுந்தார். "கதவைச் சாத்துங்க."

"சாத்தறேன் சார்," என்றார் கதவக்கா பணிவாக. "கதவு இன்னும் வரல சார்."

அரைமணி சார் வாசலைப் பார்த்தார். வெளிச்சம்தான் இருந்தது. "ஒரு பெஞ்சைக் குறுக்கே போடுங்க."

"பெஞ்சு எப்படி சார் கதவாவும்? உங்க தாள்ல என்ன போட்டிருக்குது? கதவு சாத்தன பின்னாடி வர்றவங்களதான உள்ள வுடக் கூடாது?"

அவர் விதித்தாளை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு தடவை படித்தார். உதடு மட்டும் அசைந்தது. மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருட சர்வீஸில் கதவே இல்லாமல் போகும் என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

பத்து நாற்பது ஆயிற்று. நாற்பத்தைந்தும் ஆயிற்று. ஆசாரி இழைத்த சுருள்கள் வராந்தா முழுக்கப் பறந்தன. இன்னும் கால்மணி போனால் கதவு அட்டை கனத்துக்கு மெலிந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. பத்து ஐம்பதுக்கு, ஈரத் தலையோடு, ஒரு செருப்பைக் காலிலும் அறுந்த இன்னொன்றைக் கையிலுமாக மேகலா ஓடி வந்தார். செருப்புத் தொழிற்சாலைக்காரர் செருப்பு அறுந்து வந்ததைப் பார்த்து அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. கதவக்கா அவர் முதுகில் கை வைத்து உள்ளே அனுப்பினார். எட்டாவது இடத்தில் மேகலா உட்கார்ந்து பேனாவைத் திறந்ததைப் பார்த்த பிறகுதான் திரும்பினார்.

"அண்ணே, இப்ப மாட்டுங்க."

ஆசாரிக்குப் பொறுக்கவில்லை. "பத்தே காலுக்கே மாட்டியிருப்பேன் சார்! இந்தம்மாதான் சும்மா சும்மா இழைக்கச் சொல்லிக்கினு..."

அரைமணி சார் வாசலுக்கு வந்தார். ஆசாரியைப் பார்த்தார், கதவக்காவைப் பார்த்தார், அப்புறம் உள்ளே குனிந்து எழுதிக்கொண்டிருந்த மேகலாவைப் பார்த்தார். மாட்டி முடித்த கதவை மேலிருந்து கீழே ஒருமுறை தடவினார்.

"நல்லாத்தான் இழைச்சிருக்காரு," என்று சொல்லிவிட்டு, அவரே சாத்தினார். சத்தமே வரவில்லை.

எட்டு பேரும் தேறினார்கள். வகுப்பு பிழைத்தது. மேகலா இப்போது அதே தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளர். திட்டுகிறவர் இப்போதெல்லாம் அவரிடம் யோசித்துத்தான் வாய் திறக்கிறாராம்.

கதவக்கா ஆராய்ச்சியை முடித்துத் தைவானுக்கு மேற்படிப்புக்குப் போனார். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் வழியனுப்பக் கூடினோம். நான் வழக்கம்போல தாமதம். ஒரு காலைப் படியில் வைத்து, கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். நான் மூச்சு வாங்கப் போய் நின்றதும், "வந்துட்டியாடா? சரி, போறேன்" என்று ஏறிக்கொண்டார். அன்றைக்கு அந்த பஸ்ஸில் நான் ஏறவில்லை என்பது வெகுநேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இப்போது இடைநிலை வகுப்பும் என் தலையில்தான். மாணவர் முதுகுக்குப் பின்னால் போய் நிற்கிறேன், முட்டையும் போடுகிறேன். அந்தக் கதவு இன்றைக்கும் சத்தமில்லாமல் சாத்துகிறது. ஆனால் கரும்பலகையில் 'நாடு' என்று எழுதும்போது மட்டும் கை நின்றுவிடுகிறது. அடிக்கோட்டைப் போடும் முன் வாசலை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன். திண்டிவனம் பஸ் சில நாள் தாமதமாக வரும்.