தங்கள் மகளின் முதுகுக்குப் பின்னால்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு என் கழுத்து நீங்கலாக அனைவரும் நலம்.

நீண்ட யோசனைக்குப் பிறகு, இன்று காலை முதல் தங்கள் மகளுக்குப் பின்னால் நிற்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். குடும்ப வரலாற்றில் இது ஒரு திருப்பம் என்பதால் தங்களுக்கு முதலில் தெரிவிக்கிறேன்.

நாட்டின் பெண்கள் கால்பந்து அணியில் நடுக்களத்தில் ஆடும் தங்கள் மகளைத் தோழிகள் 'ஆந்தை' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பந்து தன்னிடம் வந்து சேர்வதற்குள் இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை, வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை. யார் எங்கே நிற்கிறார்கள், எங்கே இடம் காலி என்பதெல்லாம் மண்டைக்குள் ஏறிவிடும். இதை ஆராய வந்தவர்கள் காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு, "பந்தைத் தவிர எல்லாத்தையும் பாக்குறாங்க" என்று வியந்துபோனார்கள். வீட்டில் அந்தப் பந்து நான்தான் மாமா.

"அசையாதீங்க, மூச்சப் புடிங்க" என்று சொல்லிச் சம்பளம் வாங்கும் எக்ஸ்ரேக்காரனான எனக்குத் தலை ஒரு நிமிடம் நிற்காத மனைவி வாய்த்ததைக்கூட மன்னித்துவிடலாம், ஆனால் போன வாரம் கடையில் சோப்பு எடுக்கும் முன் இரண்டு தோளுக்கு மேலும் இவள் பார்க்க, அப்படிப் பார்ப்பவர்களைப் பிடிப்பதற்கென்றே பயிற்சி பெற்ற காவலாளி பின்தொடர, இவள் திரும்பாமலே, "அண்ணே, அலமாரி மறைக்குது. எடது பக்கம் காலியாத்தான் இருக்கு, அங்க நின்னா நல்லா தெரியும்" என்றாள், அந்த மனிதரும் நன்றி சொல்லிவிட்டு இடம் மாறி நின்றார். "நீங்களும் பாத்துப் பழகுங்களேன்" என்று எனக்கும் அறிவுரை. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பழகினேன். கழுத்து பிடித்துக்கொண்டது. என்னைப் படுக்கவைத்துப் படம் எடுத்த என் உதவியாளன், "சார், அசையாதீங்க" என்பதைத் தேவைக்கு அதிகமாகவே சொன்னான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டு அணி ஒன்று இவளை இரண்டு வருடத்துக்குக் கூப்பிட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். போகாதே என்று சொல்ல வாயெடுக்கும் முன்பே பதில் வந்துவிடுகிறது. நேற்று அடுப்படியில் பின்னால் போய் நின்றேன்.

"இப்ப வேணாங்க."

"நான் இன்னும் கேக்கவே இல்லையே!"

"கதவுகிட்ட ரெண்டு தடவ வந்து நின்னீங்க. சட்டப் பட்டனத் திருகினீங்க. தாகமே இல்லாம தண்ணி குடிச்சீங்க. குட்டி, அப்பாவுக்கு உன் வீட்டுப்பாடத்தக் காட்டு."

ஒரே தொடுதலில் பந்து தங்கள் பேத்தியிடம் போய்விட்டது. அவளும் புத்தகத்தை நீட்டுவதற்கு முன் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள். குலம் கெட்டுப்போகிறது மாமா.

தொலைபேசியில் பேசினால் பின்னால் யார் வருகிறார்கள் என்று இவளால் பார்க்க முடியாது. ஆகவே தாங்களே கூப்பிட்டு, "பிள்ளையும் புருஷனும் இங்க தனியாக் கெடந்து என்னம்மா பண்ணுவாங்க" என்று கண்டிப்பாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தங்கள் பேச்சைத் தட்டமாட்டாள். தட்டினால் எனக்குத் தெரிவிக்க வேண்டாம், தெரிந்துகொள்வேன்.

அத்தைக்கு என் வணக்கம். தங்கள் முழங்காலைக் கவனித்துக்கொள்ளவும்.

பணிவுடன்,
தங்கள் மருமகன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன், முடிவு செய்தபடி எதிரே போய் உட்கார்ந்து, எங்களை விட்டுத் தனியாகப் போகிறாயா என்று கேட்டே விட்டேன்.

"தனியா எதுக்குப் போறேன்? ஒரு மாசமா அந்த ஊர்ல மழையா வெயிலான்னு போன்ல பாத்துட்டே இருக்கீங்க. குளிர்கோட்டு வெல வேற. நீங்க அந்தப் பக்கம் ஓடப்போறீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. அங்க ஆஸ்பத்திரில எக்ஸ்ரேக்கு ஆள் தேடுறாங்க. உங்க பேர்ல விண்ணப்பம் போட்டுட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்க வேணாமா?"

"ஓடுறவங்களக் கூப்பிட்டு நிறுத்தியா பந்தக் குடுப்பாங்க?"

தாங்கள் அவளிடம் பேச வேண்டாம். செவ்வாய்க்கிழமை காலை எனக்குக் காணொளி வழியாக நேர்முகத் தேர்வு.