கேட்டை மூடாமல் அடுக்கியவள்

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: அன்று மணலி புதுநகர் சாலையில் கண்ணுக்கெட்டிய தூரம் லாரிகள் நின்றதற்குக் காரணம் நான்தான். (மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன்.)

கன்டெய்னர் யார்டில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். ஆறு முடிந்தால்தான் வேலை நிரந்தரம். கேட்டில் நான்கு கேமராக்கள் ஒவ்வொரு பெட்டியையும் படமெடுத்து, ஆபீஸ் முழுக்கப் பொதுவான ஸ்டோரேஜுக்கு அனுப்பும். கேமராவுக்கு ஒரு ஃபோல்டர். பெட்டி வெளியே போகும்போது பழைய படங்களோடு ஒப்பிட, கிளார்க் நான்கு ஃபோல்டரிலும் துழாவுவார். லாரி உறுமிக்கொண்டு நிற்கும்.

நான் மேதையல்லவா? பெட்டிக்கு ஒரு ஃபோல்டர், நான்கு படமும் ஒரே இடத்தில் என்று முடிவெடுத்தேன். கேட் திறந்திருக்கும்போதே கிரேன் பெட்டிகளை மாற்றி அடுக்குகிறதே, என் வேலைக்கு மட்டும் எதற்கு கேட் மூடியிருக்கும் விடுமுறை நாள்? திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆரம்பித்தேன்.

ஒவ்வொரு படமும் நெட்வொர்க் வழியாக என் கம்ப்யூட்டருக்கு வந்து, அதே வழியில் ஸ்டோரேஜுக்குத் திரும்பியது. பக்கத்து வீட்டுக்குப் போக பாரிமுனை சுற்றிவருவது போல. நெட்வொர்க் திணறி, கேட் கம்ப்யூட்டர் செத்தது.

முதல் போன் டிரெய்லர் ஓட்டும் என் தம்பி பிரபுவிடமிருந்து.

"யக்கா, உங்க கேட்டாண்ட ஒரு மணி நேரமா நின்னுகினு கீறேன். எவனோ கம்ப்யூட்டர கலீஜ் பண்ட்டானாமே?"

"எவனோ இல்லடா. நான்தான்."

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். "இன்னாம்மா பண்ணி வெச்சிகீற? எல்லாத்தையும் பழையபடி வெய்யி. இல்லாங்காட்டி நாளைக்கு வராத!"

பாதிப் படங்கள் அங்கே, பாதி இங்கே. திரும்ப வைக்கவும் அதே நேரம் ஆகும். ஆனாலும் வாய் அடங்கவில்லை.

"வெக்க மாட்டேன் சார். மூணு மணிக்குள்ள முடிக்கிறேன். முடியலன்னா நானே போய்டறேன்."

சொன்ன பிறகுதான் புத்தி வந்தது. ஸ்டோரேஜுக்குள்ளேயே நுழைந்து, படங்களை அங்கேயே இடம் மாற்றும்படி கட்டளை கொடுத்தேன். இரண்டே முக்காலுக்கு முடிந்தது; கேட் கம்ப்யூட்டரும் உயிர்த்தெழுந்தது. முதல் லாரி ஒரே நிமிடத்தில் வெளியேறியது. மேனேஜர் அடுத்த லாரிக்குக் கை காட்டப் போய்விட்டார்.

அடுத்த மாதம், கேட்டை முடக்கியதற்குக் கண்டன மெமோவும் நிரந்தர ஆணையும் ஒரே கவரில் வந்தன. மெமோவைத்தான் ஃபிரேம் போட்டேன். நான் அடுக்கிய அடுக்கு இன்றும் மாறவில்லை.

வீட்டில் நான் பீரோவைத் திறந்தாலே பிரபு தெருவைப் பார்த்துக் கத்துவான்: "யக்கா அடுக்கப் போவுது! வண்டி கிண்டி இருந்தா இப்பவே வெளிய எடுத்துக்கோங்கபா!"

நான் நிறுத்துவதில்லை. அவன் சட்டை எங்கே என்று மட்டும் மூன்று மணி வரை சொல்ல மாட்டேன்.