பத்து கிலோமீட்டர் நெடுமாறன்

கட்டிலில் மல்லாந்து படுத்தபடியே நெடுமாறன் வலது கையை விடாமல் ஆட்டிக்கொண்டிருந்தார். கையில் செல்போன் இருந்தது.

"இன்னாங்க, ஈ ஓட்டறீங்களா?" காபி டம்ளரோடு வந்து நின்றாள் ஷோபனா.

"ஓடறேன். பேச்சுக் குடுக்காத, மூச்சு வாங்குது."

மூச்சு வாங்கியது மட்டும் உண்மை. போனை ஆட்டினால் அது நடையென்று எண்ணிக்கொள்ளும் என்பதை முந்தின நாள்தான் கண்டுபிடித்திருந்தார். அந்தக் கண்டுபிடிப்பிலேயே தோள்பட்டை பிசகிவிட்டது.

எல்லாவற்றுக்கும் காரணம், சென்னைக்குப் போகிற வழியில் புதிதாகத் திறந்திருந்த ஒரு கேளிக்கைப் பூங்கா. விளம்பரத்துக்காக அங்கே பத்து கிலோமீட்டர் ஓட்டம் அறிவித்திருந்தார்கள். ராட்டினத்துக்கு அடியில் புகுந்து, தண்ணீர்ச் சறுக்கைச் சுற்றி ஓடி முடித்தால் கரடி மூஞ்சி போட்ட மெடல் கிடைக்கும். அதன்பின் நாள் முழுக்க எல்லா ராட்டினத்திலும் இலவசமாக ஏறி வாந்தி எடுக்கலாம். செஞ்சியில் தொப்பையும் ஓய்வு நேரமும் ஒருசேர வாய்த்த ஏழு பேர் உடனே 'செஞ்சிக் கோட்டை ரன்னர்ஸ்' என்று ஒரு குழு தொடங்கிவிட்டார்கள்.

நெடுமாறன் சேர்ந்தது காலுக்காக அல்ல, கடைக்காக. கடைத்தெருவில் அவருக்குச் செருப்புக் கடை. ஆசைப்பட்டு இறக்கிய ரன்னிங் ஷூ பரண் வரைக்கும் அடுக்கிக் கிடந்தது. செஞ்சியில் யார் ஷூ போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள்? பஸ்ஸைப் பிடிக்கக்கூடச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஓடுவார்கள். குழுவில் சேர்ந்த மறுநாளே தன் போட்டோவைப் போட்டு, 'ஓட்ட வீரர் அணியும் ஷூ இங்கே கிடைக்கும்' என்று கடை வாசலில் பேனர் கட்டினார். ஷூ நகர ஆரம்பித்தது.

வீரருக்குப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும்கூட ஓட வராது என்று தெரிந்தால் விற்ற ஷூவெல்லாம் அட்டைப்பெட்டியோடு திரும்பி வரும். அதைவிட, ஊர் சிரிக்கும். கடைத்தெருவில் ஒருமுறை சிரிப்பாய்ச் சிரித்துவிட்டால் பேரன் காலம் வரைக்கும் அதே பேச்சாகத்தான் இருக்கும். நெடுமாறன் பயந்தது அதற்குத்தான்.

குழுவின் கேப்டன் மகாவீரன். மேல்சித்தாமூர்க்காரர், சமணர், செஞ்சியில் நெல் மண்டி வைத்திருக்கிறார். முட்டை போட்ட கேக்கைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுக்கி வைக்கிற சுத்த சைவம். பொழுது சாய்ந்தால் பச்சைத் தண்ணீரோடு சரி. அந்தக் கட்டுப்பாட்டை அப்படியே குழுவிலும் கொண்டுவந்துவிட்டார். தினமும் ஓடிய தூரம், வேகம், மேப்பு எல்லாவற்றையும் கடை திறப்பதற்குள் வாட்ஸப்பில் போடவேண்டும். போடாதவனைப் பெயர் சொல்லித் திட்டி ஒரு குரல் பதிவு வரும். அதை மற்ற ஆறு பேரும் தத்தம் வீட்டில் சத்தமாக வைத்துக் கேட்பார்கள்.

ஆட்டிச் சேர்த்த கணக்கை வாட்ஸப்பில் போட்டுவிட்டுக் காபியை வாயில் வைப்பதற்குள் போன் அடித்தது.

"இன்னாய்யா நெடுமாறா, அம்மாந்தூரம் நடந்திருக்கிறதா காட்டுது. மேப்புல பாத்தா உன் ஊட்ட உட்டு நவுரவே இல்லியே?"

"மொட்ட மாடியில ஓடறேன் கேப்டன்."

"மொட்ட மாடிக்கா மெடல் குடுக்கறாங்க? நாளையிலேருந்து ரோட்டுல ஓடு."

ரோட்டில் ஓடிப் பார்த்த அனுபவம் நெடுமாறனுக்கு உண்டு. முதல் நாள் பேட்டைத் திருப்பம் வரைக்கும் ஓடி, அங்கேயே உட்கார்ந்து, ஷேர் ஆட்டோவில் திரும்பி வந்தார். ஆகவே மறுநாள் போனைப் பால்காரர் வீராசாமியின் சைக்கிள் கூடையில் போட்டு அனுப்பிவிட்டு இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

குழுவே வாயைப் பிளந்தது. வேகம் அப்படி. மாலையிலேயே ஒரு காலேஜ் கும்பல் கடைக்கு வந்து ஷூ வாங்கிப் போயிற்று. ஆனால் கேப்டன் மேப்பைப் பெரிதாக்கிப் பார்க்கிற ஆள்.

"ஏன்யா, ஊடு ஊடா நின்னு நின்னு ஓடியிருக்கிற?"

"அது... அது ஒரு புதுப் பயிற்சி கேப்டன். வேகமா ஓடணும், சட்டுனு நிக்கணும், மறுபடி ஓடணும். நெட்டுல போட்டிருக்கான்."

"அடடே! அப்ப நாளைக்கி எல்லாரும் அதையே பண்ணுவோம்."

எல்லாரும் என்பதில் நெடுமாறனும் சேர்த்தி. மறுநாள் விடிந்தும் விடியாமலும் ஏழு தடிமாடுகள் வீட்டுக்கு வீடு போய் நின்று மூச்சு வாங்கின. "எலக்சன் வந்துடுச்சா?" என்று ஒரு அம்மா கேட்டாள். இன்னொருத்தி, பால் வாங்கப் பாத்திரத்தை எடுத்து வந்து நீட்டினாள். நாலாவது வீட்டு வாசலிலேயே நெடுமாறன் கோலத்தின் மேல் சரிந்து உட்கார்ந்துவிட்டார். அவர் போட்டிருந்த ஷூவும் கால் கட்டைவிரல் பக்கம் வாயைப் பிளந்துவிட்டது.

"இனிமே கூட்டமா ஓடறது எனக்கு ஒத்துவராது கேப்டன்" என்றார், எழுந்திருக்காமலே. "நான் மலையில தனியா பயிற்சி எடுத்துக்கறேன்."

வாயிலிருந்து வந்துவிட்டது. செஞ்சியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான். தப்பிக்க முடியுமா?

அப்போதுதான் அவருக்கு மணிமொழியின் நினைவு வந்தது. ராஜகிரி மலைக்குப் பின்பக்கம் பட்டி போட்டு ஆடு வளர்ப்பவள். அவள் ஆடுகள் விடியற்காலையிலேயே பாறை பாறையாகத் தாவிக்கொண்டு மேலே போகும். நெடுமாறன் பொழுது சாய்ந்ததும் போய், ஒரு துணிப்பையில் போனை முடிந்து நீட்டினார்.

"ஒரு நல்ல ஆடாப் பாத்துக் கழுத்துல கட்டி உடும்மா. காலையில வந்து வாங்கிக்கறேன். யாருகிட்டயும் சொல்லிடாத. உனக்கும் பசங்களுக்கும் செருப்பு நான் பாத்துக்கறேன்."

"நான் ஏன் சார் சொல்லப்போறேன்?" என்றாள் மணிமொழி. ஆளாளுக்கு ஆட்டின் கழுத்தில் போன் கட்டுவது உலக வழக்கம் என்பதுபோல அமைதியாகப் பையை வாங்கிக்கொண்டாள். ஒரு கறுப்புக் கிடாய் அவருக்கு ஒதுக்கப்பட்டது.

கிடாய் தூள் கிளப்பியது. செங்குத்தான பாறையில் ஏற்றம், இறக்கம், மறுபடி ஏற்றம். கேப்டன் அசந்துபோய், இனி எல்லோருக்கும் தனித்தனியாக மலைப் பயிற்சிதான் என்று அறிவித்துவிட்டார். இரண்டொரு நாளில் எல்லோருடைய மேப்பும் மலைமேல் ஏறிவிட்டது.

நெடுமாறனுக்குத் தூக்கம் போயிற்று. இவர்கள் பாட்டுக்கு நிஜமாகவே மலையில் ஓடிக்கொண்டிருந்தால், என்றைக்காவது கிடாய் கண்ணில் பட்டுவிடுமே! இப்படிக் கவலைப்பட்டுக்கொண்டு இருக்கும்போது கேப்டனிடமிருந்து போன் வந்தது.

"நேத்து உன்ன மேல தூரத்துல பாத்தேன்யா. யப்பா, இன்னா ஓட்டம்!"

நெடுமாறன் கொஞ்சம் திகைத்தார். பிறகு, கேப்டனுக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கும் என்று முடிவு செய்துகொண்டு, "நானும் உங்களப் பாத்தேன் கேப்டன். இந்த வயசுல உங்கள மாதிரி யாரு ஓடுவாங்க?" என்றார். கேப்டன் அவசர அவசரமாகப் போனை வைத்துவிட்டார்.

ஷூ வியாபாரம் மட்டும் அமோகமாக நடந்தது. பரண் காலியாகிக்கொண்டு வந்தது. பந்தயத்தன்று காலில் பெரிய கட்டாகப் போட்டுக்கொண்டு, 'மலையில் விழுந்துவிட்டேன்' என்று சொல்லிவிடுவதாகத் திட்டம்.

பந்தயத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, போனை வாங்கப் போன நெடுமாறனுக்குப் பட்டி காலியாகக் கிடந்தது தெரிந்தது. பக்கத்துக் குடிசைக்காரர் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"மணிமொழியா? ஆட்டை எல்லாம் சந்தைக்கு ஓட்டிக்கினு போயிருக்குது. இன்னிக்கி வெள்ளிக்கிழமை இல்ல?"

செஞ்சியில் வெள்ளிக்கிழமை என்றால் ஆட்டுச் சந்தை என்பது பிறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஓட்ட வீரருக்கு நினைவில்லை. அடித்துப் பிடித்துச் சந்தைக்குப் போனார். உள்ளே ஒரே தூசி, கத்தல், துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிற வியாபாரிகள். ஒவ்வொரு கறுப்பு ஆடாகக் குனிந்து கழுத்தைப் பார்த்துக்கொண்டே போனவர், எதிரில் குனிந்துகொண்டிருந்த ஒரு தலையில் முட்டிக்கொண்டார்.

கேப்டன் மகாவீரன்!

"நீ இங்க இன்னாய்யா பண்ற?"

"தோ... தோலு பாக்க வந்தேன் கேப்டன். ஷூ தைக்கறதுக்கு" என்று உளறிவிட்டு, யாரிடம் எதைச் சொன்னோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். "நீங்க?"

கேப்டன் கண்ணை மூடித் திறந்தார். "ஒரு ஜீவனையாவது கத்தியிலேருந்து காப்பாத்தலாம்னு வந்தேன்."

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு லோடு வண்டி கிளம்பியது. பின்பக்கம் ஆடுகள் நெருக்கியடித்து நின்றன. நடுவில் அந்தக் கறுப்புக் கிடாய்! நெடுமாறன் எதையும் யோசிக்கவில்லை, ஓடினார்.

"ஐயோ, என் ஜீவன் போவுதே!" என்று கேப்டனும் பின்னாலேயே ஓடி வந்தார்.

திருவண்ணாமலை ரோட்டில் இரண்டு பேரும் உயிரைக் கொடுத்து ஓடினார்கள். டீக்கடைகளில் எழுந்து நின்று கைதட்டினார்கள். "பந்தயம் வருதில்ல, அதுக்குத்தான் இந்த ஓட்டம்" என்று ஒருவர் விவரம் தெரிந்தவராக விளக்கினார். நெடுமாறனின் ரப்பர் செருப்பு எப்போதோ அறுந்து விழுந்துவிட்டது. ஊருக்கெல்லாம் ஷூ விற்றவர் வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தார்.

டீசல் போட வண்டி பங்கில் நின்றதால் இரண்டு பேரும் பிழைத்தார்கள். நாக்குத் தள்ள ஏறி, ஆளுக்கொரு பக்கம் ஆடுகளின் கழுத்தைத் தடவினார்கள். கறுப்புக் கிடாயின் கழுத்தில் கயிறு மட்டும்தான் இருந்தது.

"இன்னா சார், கறிக்குப் பாக்கறதுன்னா தொடையப் புடிச்சுப் பாக்கணும். கழுத்துல இன்னா இருக்குது?" என்றார் டிரைவர்.

"ஆமா, நீங்க ஏன் கழுத்தைத் தடவறீங்க கேப்டன்?" என்று நெடுமாறன் மூச்சுக்கு நடுவில் கேட்டார்.

"ஆசீர்வாதம் பண்றேன்யா. நீ?"

"தோல் மெதுவா இருக்குதான்னு..."

போன் தொலைந்தது தொலைந்ததாகவே இருக்கட்டும், மானமாவது மிஞ்சியதே என்று நெடுமாறன் பெருமூச்சு விட்டார். அப்போது ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. மணிமொழி, கனத்த ஒரு மஞ்சள் பையோடு இறங்கி ஓடிவந்தாள்.

"கத்திக் கூப்டக் கூப்ட ஓடினே இருந்தா எப்பிடி சார்? விக்கிற ஆட்டுக் கழுத்துலயா போன உட்டு வெப்பேன்? இந்தாங்க, எல்லாம் ஒரே மாதிரி இருக்குது, கேப்டன் சாருது எது, உங்களுது எது, மத்த அஞ்சு பேருது எதுன்னு நீங்களே பாத்துப் பிரிச்சுக்குங்க!"