புஷ்பவல்லி ஒழிக!

எங்க மாவக்கா மாதிரி சத்தம் போட கொச்சில இன்னொரு ஆள் பொறந்ததும் இல்ல, இனி பொறக்கப் போறதும் இல்ல. காலைல மட்டாஞ்சேரி சந்துல நின்னு "மாவேய்!"னு ஒரு குரல் விட்டாங்கன்னா, வைப்பின் தீவுக்குப் போற ஜங்கார் படகு பாதிக் கடல்ல நின்னு, யாரு கூப்பிட்டான்னு திரும்பிப் பார்க்கும். சைக்கிள் கேரியர்ல ரெண்டு ட்ரம் இட்லி மாவு, இடுப்புல சொருகின கரண்டி. எங்க லைன் வீடுங்கள்ல பாதிப் பேரு அலாரம் வைக்கிறதே கிடையாது.

நான் பக்கத்து வீடு. ஆட்டோ ஓட்டுறேன். அவுங்க போயி இன்னும் நாப்பது நாள் ஆகல. மாவு ஆட்டிட்டிருந்தவங்க அப்படியே நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க. ஆனா போன வருஷத்து எலெக்‌ஷன் கதைய அழுதுகிட்டே சொல்ல முடியாது. சிரிப்பு வந்துரும்.

எங்க சந்து முடியற எடத்துலதான் ஸ்கூலோட பின்கேட்டு. வீட்ல இருந்து இருபது எட்டு வச்சாப் போதும். ஆனா எப்பவும் பூட்டு. ஏன்னா அதுக்கு முன்னாடிதான் லாரிச் சேட்டன் தன் லாரிய நிப்பாட்டுவாரு. கேட்டத் திறங்கன்னு யாருகிட்டப் போய்ச் சொல்றது? பெத்தவங்க சங்கம், பி.டி.ஏ., அதோட பிரசிடெண்டே அவருதான்! அதனால பிள்ளைங்க பஜார் ரோட்ட சுத்தி, மூட்டை ஏத்துற லாரிங்களுக்கு நடுவுல புகுந்து போகும்.

ஒரு நாள் என் பொண்ணு, ரெண்டாங் கிளாஸ், தடுக்கி விழுந்துட்டா. பை சக்கரத்துக்கு அடியில போயிருச்சு. பிள்ளை தப்பிச்சுட்டா. சோத்து டப்பா அப்பளமாயிருச்சு. மாவக்கா அந்த டப்பாவ வாங்கி திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. சாதாரணமா அவுங்க பத்து வார்த்தை பேசுனா ஒன்பது திட்டு. அன்னைக்கு ஒண்ணுமே வரல.

"நான் எலெக்‌ஷன்ல நிக்கறேன்டா"ன்னாங்க.

"எந்த எலெக்‌ஷன்க்கா?"

"பி.டி.ஏ. பிரசிடெண்டுக்குடா! எம்பையன் அங்க அஞ்சாங் கிளாஸ் படிக்கல? கேட்டத் திறந்து காட்டுறேன். நீ வண்டிய எடு!"

எடுத்தேன். பத்து நாள் சந்து சந்தா பிரச்சாரம்! ஒரு கையில கரண்டி, ஒரு கையில சப்பட்டை டப்பா. டப்பாவத் தூக்கிக் காட்டி, "இன்னைக்கு டப்பா. நாளைக்கு?" அவ்வளவுதான் பேச்சு. அப்புறம் "மாவக்காவுக்குப் போடுங்க ஓட்டு!"னு ஒரு கத்து. போடறேன்னு சொன்ன வீட்டுக்கு ஒரு கரண்டி மாவு கூட.

"அக்கா, இது லஞ்சம்க்கா."

"போடா, இது கொசுறு!"

லாரிச் சேட்டன் பக்கம் சாயுற வீட்டுக்கெல்லாம் நேத்து மாவு. அங்க ஒரு சேச்சி, "என்ன மாவக்கா, புளிக்குதே?"ன்னு கேட்டாங்க. "உங்க மனசு மாறட்டும், மாவும் மாறும்"னு சைக்கிள எடுத்துட்டாங்க.

ஓட்டு நாள். நாலு ட்ரிப் அடிச்சு எங்க லைன் ஆளுங்கள எல்லாம் ஸ்கூல்ல இறக்கினேன். நான் ஏழாவதோட நின்னவன், ஸ்கூல் படி ஏறக் கூச்சப்பட்டு வாசல்லயே நின்னுட்டிருந்தேன். கடைசி ஆளா ஹாலுக்குள்ள போறேன், எல்லாரும் சீட்டுல பேரு எழுதி பெட்டில போட்டு முடிச்சாச்சு. ஓட்டு எண்ணறதுக்கு அப்பதான் போர்டுல பேரெழுதிப் போட்டிருந்தாங்க. ரெண்டே பேரு. மேல லாரிச் சேட்டன் பேரு. கீழ, புஷ்பவல்லி. அக்கா பேரு இல்ல!

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிருச்சு. பெஞ்சு மேல தாவிட்டேன். "சதி! நம்ம அக்கா பேரத் தூக்கிட்டு யாரோ புஷ்பவல்லியப் போட்டுட்டாங்க! புஷ்பவல்லி ஒழிக!"

"ஒழிக! ஒழிக!" எங்க லைன் பொம்பளைங்க மொத்தமும் எந்திரிச்சாச்சு. மாவக்கா என் சட்டையப் பிடிச்சு இழுக்கறாங்க. நான் நிறுத்துவனா? முட்டியில கரண்டியால ஒண்ணு வச்சாங்க.

"இறங்குடா எருமை! நான்தான்டா புஷ்பவல்லி!"

பன்னெண்டு வருஷமா ரெண்டு வீட்டுக்கும் ஒரே செவுரு. பேரக் கேக்கணும்னு எனக்கும் தோணல, சொல்லணும்னு அவுங்களுக்கும் தோணல.

பின்னாடி இருந்து ஒரு குரல், "அய்யோ, நான் மாவக்கான்னுல்ல எழுதிப் போட்டேன்." "நானும்." "நானும்."

ஹெட்மிஸ்ட்ரஸ் டீச்சர் எண்ணினாங்க. லாரிச் சேட்டனுக்கு முப்பத்தொண்ணு. மாவக்கான்னு நாப்பத்திமூணு. எழுதத் தெரியாத ரெண்டு பேரு கரண்டிப் படம் வரஞ்சிருந்தாங்க. புஷ்பவல்லிக்கு ஒண்ணே ஒண்ணு. அது அவுங்களே போட்டது.

லாரிச் சேட்டன் துள்ளிக் குதிச்சாரு. "மாவக்கான்னு ரெஜிஸ்டர்ல ஆருமில்ல டீச்சரே! ஒண்ணும் செல்லாது! ஞான்தான் ஜெயிச்சது!"

நான் மாவக்காவப் பார்த்தேன். மடியில டப்பா. அத ரெண்டு கையாலயும் அமுக்கிப் பிடிச்சிருந்தாங்க. நான்தான் கெடுத்துட்டேன். ஊரெல்லாம் கத்தினேனே, ஒரு தடவ பேரு என்னன்னு கேட்டிருக்கலாம்ல?

டீச்சர் கண்ணாடியக் கழட்டி வச்சாங்க. "சரி. மாவக்கா ஆருன்னு தெரியாதவங்க கை தூக்குங்க."

ஒருத்தரும் கை தூக்கல. அப்புறம் ஒரே ஒரு கை. லாரிச் சேட்டனே! பக்கத்துல இருந்த அவரு பெண்டாட்டி அந்தக் கையப் பிடிச்சு கீழ இழுத்தாங்க.

"கைய இறக்கு மனுஷா! நாளைக்குக் காலைல தோசை வேணுமா, வேண்டாமா?"

ஹால் இடிஞ்சு விழாததுதான் பாக்கி! டீச்சரே சிரிச்சுட்டாங்க. கரண்டியும் சேர்த்து எல்லாம் செல்லும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க.

திங்கக்கிழமை லாரி நகந்துச்சு. கேட்டு திறந்துச்சு. அன்னையிலேருந்து தினமும் மாவக்காதான் திறப்பாங்க. திறந்துட்டு "மாவேய்!"னு ஒரு கத்து. பிள்ளைங்களுக்கு அதுதான் மணி. எல்லா வீட்ல இருந்தும் பையோட ஓடி வரும்.

அவுங்க போனப்புறம் கேட்டுச் சாவிய அவுங்க பையன் எங்கிட்டக் கொண்டு வந்து தந்தான். முதல் நாள் திறந்து வச்சுட்டு நிக்கறேன். ஒரு பிள்ளையும் வரல. எல்லாம் பைய மாட்டிக்கிட்டு வீட்டு வாசல்லயே நிக்குது. என் பொண்ணு சொன்னா, "அப்பா, நீ கத்தவே இல்லையே."

கத்தினேன். "மா"வோட நின்னுருச்சு. மறுபடி கத்தினேன். ஓடி வந்துச்சுங்க.

இப்ப தினமும் கத்துறேன். மாவு இல்லேன்னு எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் ரெண்டு வீட்ல இன்னும் பாத்திரத்தோட வெளிய வர்றாங்க.