காயவே காயாத துணி

பொற்கொடியின் மனசைச் சரி செய்துவிடுவது என்று கமலக்கண்ணன் ஒரு திங்கட்கிழமை காலை, வாயில் பேஸ்ட் நுரையோடு முடிவெடுத்தான்.

எதையும் தன்னால் சரி செய்ய முடியும் என்பது அவன் நம்பிக்கை. ஓசூர் சிப்காட்டில், இருசக்கர வண்டிக்கு பிரேக் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் அவன் லைன் சூப்பர்வைசர். எந்த மெஷின் நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். வருவான். மெஷினை ஒரு வட்டம் சுற்றுவான். இடுப்பில் கை வைப்பான். "ரூட் காஸ் என்ன?" என்று மூலகாரணத்தைக் கேட்பான். பல மெஷின்கள் அந்தக் கேள்விக்குப் பயந்தே ஓட ஆரம்பித்துவிடும் என்பது அவன் எண்ணம்.

ஆனால் இந்தத் தடவை நின்றது மெஷின் இல்லை, மனைவி. முந்தின நாள் சாயங்காலம், இடுப்பில் இரண்டு வயசு கதிர், முந்தானையைப் பிடித்து இழுக்கிற நாலு வயசு வினிதா, அடுப்பில் பால் என்று சுழன்றுகொண்டிருந்தவள், திடீரென்று அப்படியே நின்றுவிட்டாள். பால் பொங்கி வழிந்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏ புள்ள, பால் வழியுது!"

"வழியட்டும்ங்க. அதாச்சும் எங்கனா வெளிய போவுதே."

கமலக்கண்ணன் அடுப்பை அணைத்தான். "என்னாச்சு ஒனக்கு?"

"கதிருக்கு ஊசி போட கிளினிக்குப் போனேனா? அந்த நர்சம்மா 'பொற்கொடி, பொற்கொடி'ன்னு கூப்புடுது. யாரோ பொம்பளயத்தான் கூப்புடுதுன்னு நானும் சுத்திச் சுத்திப் பாக்கறேன். அப்புறந்தான் தெரியுது, அது நானாம்."

"காத டெஸ்ட் பண்ணிப் பாத்துருவோமா?"

பொற்கொடி அவனை ஒரு பார்வை பார்த்தாள். "ஏங்க, உங்க கம்பெனில ரிலீவர் வராம யாராச்சும் மெஷின வுட்டு நவுருவாங்களா?"

"அது எப்பிடி? லைன் நின்னு போகுமே."

"எனக்கு யாருங்க ரிலீவர்? தெனமும் கொஞ்ச நேரம் 'அம்மா'ன்னு யாரும் கூப்புடாம இருந்தாப் போதும். நான் நானா இருந்து நாளாச்சு."

கமலக்கண்ணனுக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கு வேண்டியது ஒரு பிக்னிக்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடும்பமே கிளம்பி கிருஷ்ணகிரி அணைக்குப் போனது. அவன் பூங்காவில் ஒரு மரத்தடியைப் பார்த்தான், காற்று நன்றாக வந்தது, தூங்கிவிட்டான். பொற்கொடி கதிரைத் தண்ணீரிலிருந்தும், வினிதாவை ஐஸ்காரனிடமிருந்தும், தயிர்சாதத்தைக் குரங்கிடமிருந்தும் காப்பாற்றினாள். திரும்பும்போது பஸ்ஸில் அவன் அன்போடு கேட்டான்.

"என்ன, மனசு லேசாச்சா?"

"பை லேசாச்சுங்க. கொண்டாந்த ஜட்டியெல்லாம் தீந்துபோச்சு."

அவன் விடவில்லை. மறுவாரம் மாவு பிசைகிற மெஷின் ஒன்று வாங்கிவந்தான். அதன் பலனாக, இட்லியோடு நின்றிருந்த வீட்டில் சப்பாத்தியும் சேர்ந்துகொண்டது. கேட்டவன் அவன்தான்.

ஆனால் என்ன ஆச்சரியம்! கொஞ்ச நாளிலேயே பொற்கொடி மாறிவிட்டாள். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி அவன் படியேறும்போதே கதவு திறந்திருக்கும். வாசலில் ஈரத்துணி வாளியோடு, சிரித்த முகமாக நிற்பாள்.

"வந்துட்டீங்களா? டீ பிளாஸ்க்குல இருக்குது. புள்ளைங்களப் பாத்துக்கங்க. துணி காயப் போட்டுட்டு வந்துடறேன்."

மெஷின் வேலை செய்கிறது என்று கமலக்கண்ணன் பெருமைப்பட்டுக்கொண்டான். மாவு மெஷினைத்தான் சொல்கிறேன்.

ஒரே ஒரு சிக்கல். 'வந்துடறேன்' என்று போனவள், தெருவிளக்கு எரிகிற நேரத்துக்குத்தான் வருவாள். அதுவரைக்கும் பிள்ளைகளோடு அவன் தனியாகக் கிடந்தான். கதிருக்குத் தெரிந்த வார்த்தை ஒன்றே ஒன்று: "வேணா." வேணா என்றால் வேணும் என்று அர்த்தம். வேணா என்றும் அர்த்தம். எது எப்போது என்பது டம்ளர் பறந்த பிறகுதான் தெரியும். வினிதாவுக்கோ வார்த்தைகள் ஏராளம்.

"அப்பா, பல்லியோட அம்மா எது?"

"பெரிய பல்லி."

"அது எங்க?"

"வேலைக்குப் போயிருக்கு."

"அப்ப குட்டிப் பல்லிய யார் பாத்துக்குவா?"

"பல்லியோட அப்பா."

"அவருக்குப் பாத்துக்கத் தெரியுமா?"

கமலக்கண்ணன் டீயைக் குடித்தான். அதில் டிவி ரிமோட் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, கீழ்வீட்டில் இருக்கிற வீட்டுக்காரம்மா சென்னம்மா அவனை கேட்டிலேயே மடக்கினாள். சென்னம்மாவுக்கு வீட்டில் கன்னடம், வாடகைக்காரர்களிடம் தமிழ், கோபம் வந்தால் இரண்டும்.

"ஏனப்பா கண்ணா, உன் மனேல எத்தன பேரு?"

"நாலு பேருதாங்க."

"நாலு பேருக்கா தினா ஒரு வாளி துணி? என் டேங்க் தண்ணியெல்லாம் உன் சட்டைக்கே போவுது. அதும் அந்த நீலக் கட்டம் போட்ட சட்டை இருக்கே, தினா தினா காயுது. அஷ்டு, அவ்ளோ அழுக்கா பண்றே?"

கமலக்கண்ணன் திகைத்துப் போனான். நீலக் கட்டம் போட்ட சட்டை மச்சான் கல்யாணத்துக்கு எடுத்தது. அதற்குப் பிறகு வயிற்றுக்கும் பொத்தானுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. போடாத சட்டை எப்படி அழுக்காகும்? அழுக்காகாத சட்டையை எதற்குத் துவைக்க வேண்டும்? தினமும் நனைந்து, தினமும் காய்ந்து... அவன் கை தானாக இடுப்புக்குப் போனது.

ரூட் காஸ்!

மறுநாள் சாயங்காலம் பொற்கொடி வாளியோடு மாடியேறினாள். இவன் பிள்ளைகளை சென்னம்மாவின் டிவி முன்னால் உட்கார வைத்தான். செருப்பைக் கழற்றினான். பூனை மாதிரி படியேறினான். அவன் உடம்புக்கு அது கொஞ்சம் பெரிய பூனை.

மொட்டை மாடிக் கதவு ஒருக்களித்திருந்தது. எட்டிப் பார்த்தான்.

கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. பொற்கொடி மாங்காய் தின்றுகொண்டிருந்தாள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஒன்றில் எதிர்வீட்டு சபீஹா. அவள் வீட்டுத் துணியும் இந்த மாடியில்தான் காயும். அவள் புருஷன் அப்பாஸ் பாகலூர் ரோட்டில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கிறார். நாற்காலி எங்கிருந்து வந்தது என்பது விளங்கிவிட்டது. நடுவில் ஒரு தட்டில் கீறிப் போட்ட மாங்காய், உப்பு, மிளகாய்த் தூள்.

பொற்கொடி எழுந்தாள். தொட்டியை ஒரு வட்டம் சுற்றினாள். வயிற்றை முன்னால் தள்ளி, இடுப்பில் கை வைத்து, குரலைக் கனமாக்கி, தொட்டியைப் பார்த்துக் கேட்டாள்: "ரூட் காஸ் என்னலே?"

"ஐயோ கொடி, போதும்டி! வயிறு வலிக்குது!" சபீஹா நாற்காலியோடு சாய்ந்தாள்.

பொற்கொடியும் சிரித்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் தண்ணீர் வர, மாங்காய்த் துண்டு கையிலிருந்து விழ, சத்தம் போட்டுச் சிரித்தாள். கமலக்கண்ணன் அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. கல்யாணமான புதிதில் மத்தூரில், அவள் வீட்டுக் கன்றுக்குட்டி இவன் வேட்டியைத் தின்ற அன்று சிரித்தாள். அதோடு சரி. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அப்படிப் போயிருந்தால் பிழைத்திருப்பான்.

ஆனால் உள்ளே இருந்த சூப்பர்வைசர் விடவில்லை.

"பிடிச்சிட்டேன்!" என்று கதவைத் தள்ளிக்கொண்டு குதித்தான்.

இரண்டு பேரும் பதறி எழுந்தார்கள். கமலக்கண்ணன் நேராகக் கொடிக்குப் போய் நீலச் சட்டையைத் தொட்டுப் பார்த்தான்.

"காஞ்ச துணிய நனைச்சு, நனைச்ச துணியக் காயப் போட்டு... நா கீழ கெடந்து டீயில ரிமோட்ட முக்கிக் குடிக்கேன். நீ இங்ஙன காத்து வாங்குதியாக்கும்?"

பொற்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறாள் என்று அவன் நினைத்தான்.

"தப்புதாங்க," என்றாள். "இனிமே நான் மாடிக்கே வரல. துணிய நீங்களே காயப் போட்டுக்கங்க. நான் வூட்லயே கெடக்கறேன்."

"அப்பிடி வா வழிக்கு! நாளையிலருந்து மாடி எனக்கு. வீடு ஒனக்கு. பேச்சு மாறக் கூடாது, பாத்துக்க."

"மாற மாட்டேங்க."

சபீஹா கையைப் பிசைந்தாள். "அண்ணா, உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன். இத எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

அவ்வளவு கெஞ்சிக் கேட்டதால், கமலக்கண்ணன் நேராகப் போய் அவரிடம்தான் சொன்னான்.

மறுநாள் ஞாயிறு. சாயங்காலம் அவன் ஒரு மகாராஜாவைப் போல வாளியைத் தூக்கிக்கொண்டு மாடியேறினான். துணியைக் கொடியில் போட்டான். நாற்காலியில் சாய்ந்தான். ஓசூர்க் காற்று சில்லென்று வந்து முகத்தைத் தடவியது. தூரத்தில் மலைக்கோயில். அதற்கும் அப்பால் கம்பெனிக் கூரைகள். யாரும் 'அப்பா' என்று கூப்பிடவில்லை. ஆஹா, இதல்லவா வாழ்க்கை என்று கண்ணை மூடினான்.

"அப்பா!"

கண்ணைத் திறந்தான். வினிதா. அவள் கையில் கதிரின் கை.

"அம்மா உங்கிட்ட போவச் சொன்னாங்க. நீ மாடில வெளையாட்டு காட்டுவியாமே?"

கமலக்கண்ணன் இரண்டையும் இரண்டு கையில் தூக்கிக்கொண்டு தடதடவென்று இறங்கினான். வீட்டுக் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினான்.

"யாருங்க?"

"நாந்தான். கதவத் தொற."

"துணி காஞ்சிருச்சா?"

"இப்பதான் போட்டேன்!"

"அப்ப காஞ்சதும் எடுத்துக்கிட்டு வாங்க."

"அது ரொம்ப நேரம் ஆகுமே!"

"ஆவும்ங்க. ஈரக் காத்து. எனக்குத் தெரியாதா?"

"புள்ளைங்கள உள்ள விடு. வீடு ஒனக்குன்னுதான பேச்சு?"

"ஆமாங்க, வூடு எனக்குன்னுதான் சொன்னீங்க. புள்ளைங்களும் எனக்குன்னு சொல்லலியே."

உள்ளே ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. அப்புறம் இரண்டு பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. இரண்டா?

படியில் யாரோ ஏறிவரும் சத்தம். திரும்பினான். அப்பாஸ். ஒரு கையில் ஈரத்துணி வாளி. இன்னொரு கையில் அவருடைய ஐந்து வயசு மகள் ஜைபா. முகமெல்லாம் வெற்றிப் பெருமிதம்.

"தம்பி, நீங்க சொன்னது சரியாப் போச்சு! நல்லா சத்தம் போட்டேன். 'இனிமே மாடிப் பக்கம் உனக்கு வேலை இல்ல, நானே போறேன்'னுட்டேன். ஒரு வார்த்தை எதுத்துப் பேசலயே! வாங்க, மேல போய் நிம்மதியா உக்காருவோம்." அவர் சுற்றிலும் பார்த்தார். "ஆமா, புள்ளைங்க ஏன் உங்ககிட்ட இருக்குது?"

கமலக்கண்ணன் தன் பிள்ளைகளைப் பார்த்தான். அவர் பிள்ளையைப் பார்த்தான். தாழிட்ட கதவைப் பார்த்தான். அப்பாஸும் பார்த்தார். மெல்ல மெல்ல அவர் முகத்திலிருந்து பெருமிதம் வடிந்தது.

"துணியக் காயப் போடுவோம் பாய்," என்றான் கமலக்கண்ணன்.

இரண்டு ஆண்களும் மூன்று பிள்ளைகளோடு மாடியேறினார்கள். அப்பாஸ் குதிரையானார். கமலக்கண்ணன் பஸ்ஸானான், மத்தூர், போச்சம்பள்ளி, ராயக்கோட்டை என்று கூவிக்கொண்டு தொட்டியைச் சுற்றி ஓடினான். கதிர் "வேணா, வேணா" என்று கத்தி, இறங்க மறுத்தான். அவ்வளவு ஓடியதில் ஒரு விஷயம் தெரிந்தது: பிள்ளைகளோடு சும்மா உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம், ஓடினால் அவ்வளவு கஷ்டம் இல்லை. இதை அவன் அப்பாஸிடம்கூடச் சொல்லவில்லை.

கதவு திறந்தபோது பொற்கொடி முகம் கழுவி, தலை பின்னி, பளிச்சென்று நின்றாள். யாரும் அழாமலே, யாரும் கேட்காமலே கதிரை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவன் அழுக்குக் கன்னத்தில் அழுத்தமாக ஒரு முத்தம் கொடுத்தாள். "என் ராசா, எங்கடா போயிட்டே இவ்ளோ நேரம்?" என்றாள். நிஜமாகவே அவளுக்கு அவனைத் தேடியிருந்தது.

கமலக்கண்ணன் வாசற்படியிலேயே உட்கார்ந்தான்.

"உண்மையச் சொல்லு. நேத்து நா ஒளிஞ்சு வந்தது ஒனக்குத் தெரியுமா?"

"நீங்க ஏறி வந்ததுல கைப்பிடிக் கம்பியே ஆடுச்சுங்க. கதவ எதுக்குத் தொறந்து வெச்சோம்னு நெனச்சீங்க?"

"அந்த நீலச் சட்ட?"

"அத தெனமும் முன்னாடிக் கொடியில, உங்க கண்ணுல படற மாதிரிதான் போட்டேன். நீங்க அண்ணாந்தே பாக்கல. அப்புறந்தான் சென்னம்மாக்காகிட்ட சொல்லி வெச்சேன்."

"சென்னம்மாவுமா? ஏ புள்ள, இவ்வளவு எதுக்கு? வாயத் தொறந்து கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேனே. டேமுக்குக் கூட்டிக்கிட்டுப் போனீங்க."

கமலக்கண்ணன் அவளை அண்ணாந்து பார்த்தான். அவள் முகம் நன்றாக இருந்தது. தோற்றதுகூட அவ்வளவு மோசமாகப் படவில்லை. வேலை நாளெல்லாம் சாயங்காலம் பிள்ளைகளோடு மாடி வேலையை அவனே பார்ப்பது, அவள் பாட்டுக்கு அவள் இருப்பது என்று அங்கேயே ஒப்புக்கொண்டான். ஒரே ஒரு வேண்டுகோள் மட்டும் வைத்தான்.

"சரி. ஞாயித்துக்கிழம மட்டும் நா கொஞ்சம் காலை நீட்டிப் படுத்துக்கிடுதேன். அது போதும்."

பொற்கொடி அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமதாங்க போர்வையெல்லாம் தொவைக்கப் போறேன். அது காய ஒரு நாள் பூராவும் ஆவும்."