ஒரு வாரம் செத்துப் போங்க, டீச்சர்

காரைக்காலில் எமன் சார் சாகடிக்காத தலைவர் கிடையாது. சங்கத் தலைவர், அறக்கட்டளைச் செயலாளர், மகளிர் கூட்டமைப்புத் தலைவி, முதியோர் இல்லம் நடத்துகிறவர் என்று யாரையும் அவர் விட்டுவைத்ததில்லை. என்னையும் ஒரு முறை சாகடித்தார். ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குச் செத்தவள், சனிக்கிழமை சாயங்காலம் வரை செத்தே இருந்தேன். இப்போது நல்ல சுகத்தோடு உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி விசாரித்தால் அவர் தெருக்காரர்களே கையை விரிப்பார்கள். எமன் சார் என்று சொன்னால் ஆட்டோக்காரர் நேரே வீட்டு வாசலில் இறக்கிவிடுவார். எருமைக்குப் பதிலாக ஒரு பழைய ஸ்கூட்டர் வைத்திருந்தார். அது கடற்கரைச் சாலையில் உறுமினால் பல மைல் தள்ளி நெடுங்காடு ஊரில் நாற்று நடுகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

சின்னச் சின்னத் தொண்டு அமைப்புகளுக்கு ஆலோசனை சொல்வதுதான் அவர் தொழில். சுனாமிக்குப் பிறகு எங்கள் கடற்கரைக்கு வந்த பெரிய நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவர். பெரியவர்கள் வந்த வேலை முடிந்ததும் ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். இவர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டார். கெப்பாசிட்டி பில்டிங் என்று யாராவது அவர் வேலைக்குப் பெயர் சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடும். "அதெல்லாம் பெரிய வார்த்தைங்க. நீங்க இல்லாட்டியும் மறுநாள் கதவு தொறக்கணும். அதுக்குத்தான் நான் வர்றேன்" என்பார்.

வரும்போது ஸ்கூட்டரில் ஒரு மடக்கு ஸ்டூலைக் கட்டிக்கொண்டு வருவார். எத்தனை நல்ல நாற்காலி போட்டாலும் உட்கார மாட்டார். வாசலில் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஸ்டூலை விரித்து உட்கார்ந்துவிடுவார். ஏன் சார் இப்படி என்று கேட்டால், "ஆலோசகனுக்கு நாற்காலி குடுத்தீங்கன்னா அப்புறம் எந்திரிக்க மாட்டான்" என்று பதில் வரும்.

அவருடைய வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். தலைவர் ஒரு வாரம் செத்துப்போக வேண்டும். அலுவலகம் இருக்கிற தெருவில் கால் வைக்கக் கூடாது, போன் பேசக் கூடாது. அந்த வாரம் முழுக்க எமன் சார் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். "தலைவரைத்தான் கேக்கணும்" என்று யாராவது சொன்னால் நோட்டில் ஒரு கோடு போடுவார். வார முடிவில் கோடுகளைக் காட்டுவார். அவ்வளவுதான் அறிக்கை.

ஊரில் ரத்ததானச் சங்கம் ஒன்று இருக்கிறது. அதன் தலைவரை எமன் சார் சாகடித்த கதை தெரியாதவர்கள் இங்கே கிடையாது. "தலைவர் இன்று முதல் ஒரு வாரத்துக்குக் காலமாகிவிட்டார், தொடர்பு கொள்ள வேண்டாம்" என்று எமன் சார் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அதில் 'ஒரு வாரத்துக்கு' என்பதைப் படிக்கிற பொறுமை யாருக்கு இருக்கிறது? மதியத்துக்குள் நாற்சந்தியில் கண்ணீர் அஞ்சலி பேனர் ஏறிவிட்டது. தலைவர் மீன் வாங்கப் போன இடத்தில் தன் படத்தைத் தானே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். எந்தக் கல்யாணத்திலோ சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எடுத்த படம், வாயில் அப்பளம் வேறு. கையில் மீன் பையோடு எமன் சாரிடம் ஓடினார்.

"என்னாங்க சார் இது? என் பொண்டாட்டி தலையில அடிச்சிக்கிட்டு அழுவுறா!"

"கொஞ்சம் பொறுங்க. அந்த பேனர் வைக்கிறதுக்கு உங்கள யாராவது கேட்டாங்களா?"

"செத்தவன எப்படிங்க கேப்பாங்க?"

"படம் தேடி, அச்சடிச்சு, கம்பு கட்டி, மூணு மணி நேரத்துல நிமித்திட்டாங்க. உங்க சங்கத்துக்கு ரெண்டாம் கட்டத் தலைமை பிரமாதமா இருக்கு. நான் வந்த வேலை முடிஞ்சுது" என்று ஸ்டூலை மடக்கிவிட்டார் எமன் சார்.

இந்தத் தலைவர்தான் என்னிடம் எமன் சாரை அனுப்பியவர். "பயப்படாதீங்க டீச்சர், நானே செத்து வந்தவன்" என்று தைரியமும் சொன்னார்.

எனக்கு அப்போது அவசரம் இருந்தது. மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கு ஒரு பகல்நேர மையம் நடத்துகிறேன். போலகத்திலிருந்தும் கிளிஞ்சல்மேட்டிலிருந்தும் பிள்ளைகளை ஏற்றிவருகிற வேன் வாரத்தில் இரண்டு நாள் வழியில் படுத்துவிடும். வேன் வராத நாளில் அந்தப் பிள்ளைகள் வீட்டில், பூட்டிய அறையில்தான் இருக்க வேண்டும். அம்மாக்கள் வேலைக்குப் போக வேண்டுமே, அவர்களைக் குறை சொல்ல முடியாது. சென்னையில் ஒரு அறக்கட்டளை புது வேன் தருவதாகச் சொல்லிக் கடிதம் எழுதியிருந்தது. அதில் ஒரே ஒரு கேள்வி. நீங்கள் இல்லாவிட்டால் இந்த மையம் என்னவாகும்? பதிலை நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ள ஆள் வரும், எப்போது என்று சொல்ல மாட்டோம் என்றும் எழுதியிருந்தார்கள்.

உண்மையான பதில் எனக்குத் தெரியும். மூடிவிட வேண்டியதுதான். பீரோ சாவி என் இடுப்பில். எந்தப் பிள்ளைக்கு எப்போது மாத்திரை என்பது என் தலைக்குள். ரஹீமா என்று ஒன்பது வயதுப் பெண். வேன் வந்து நின்றால் இறங்கவே மாட்டாள். நான் போய்ப் பத்திலிருந்து ஒன்று வரை தலைகீழாக எண்ணினால்தான் காலைக் கீழே வைப்பாள். இதையெல்லாம் நான் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எமன் சார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு வாரம் செத்துப் போங்க, டீச்சர்" என்றார்.

"சார், ரஹீமா வேன்லயே உக்காந்திருப்பா."

"உக்காரட்டும். பாப்போம்."

சாவியைச் செலினிடம் கொடுத்து, மாத்திரை விவரத்தையும் வாயால் சொன்னேன். செலின் எங்கள் ஆயா. பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுவாள், துடைத்து விடுவாள், பேச்சில் மட்டும் சிக்கனம். எழுதவே நடுங்குகிறவள் மையத்தை நடத்துவதாவது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

திங்கள் செத்தேன். செவ்வாயும் செத்தேன். வீட்டில் இருந்த பாத்திரங்களை எல்லாம் இரண்டு தடவை விளக்கினேன். புதன்கிழமை பொறுக்க முடியவில்லை. தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, மையத்துக்கு எதிரே இருக்கிற டீக்கடையின் உள்பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். ஒரு நிமிடம் ஆகவில்லை, பக்கத்தில் ஸ்டூல் விரிக்கிற சத்தம் கேட்டது.

"பேய் பகல்ல வரக்கூடாது டீச்சர்."

எழுந்திருக்கப் போனேன். அதற்குள் வேன் வந்துவிட்டது. மற்ற பிள்ளைகள் இறங்கினார்கள், ரஹீமா இறங்கவில்லை. எனக்கு வாய்க்குள்ளேயே பத்து, ஒன்பது, எட்டு ஓடியது. செலின் வேன் கதவருகே வந்து ரஹீமாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பேசவில்லை, எண்ணவில்லை, தெருவைப் பார்த்தபடி சும்மா நின்றாள். கொஞ்ச நேரத்தில் ஒரு சின்னக் கை அவள் தோளைப் பிடித்தது. பிறகு இறங்கிவிட்டது குழந்தை. இரண்டு பேரும் உள்ளே போனார்கள்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. டீ கிளாஸை வைத்துக்கொண்டு அழுதேன்.

"வலிக்குதுங்களா?" என்றார் எமன் சார்.

"வலிக்குது சார். அப்ப நான் எதுக்கு?"

அவர் இன்னொரு டீ சொல்லிவிட்டு மெதுவாகப் பேசினார். பெரிய நிறுவனத்தில் இருந்த காலத்தில் ஒரு மீனவக் குப்பத்தில் மாலைப் பள்ளிக்கூடம் நடத்தின ஒரு அம்மாவுக்கு இரண்டு வருடம் பயிற்சி கொடுத்தாராம். அறிக்கை எழுத, கூட்டம் நடத்த, கணினியில் படம் போட என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தாராம். ஒரு நாள் அந்த அம்மா நெஞ்சுவலியில் போய்விட்டார்.

"மறுநாள் பிள்ளைங்க அத்தனயும் பைய மாட்டிக்கிட்டு வாசல்ல வந்து நிக்குதுங்க டீச்சர். சாவி எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியல. ரெண்டு வருஷம் எல்லாத்தயும் கேட்டேன், இன்னொரு சாவி யார்கிட்ட இருக்குன்னு நான் கேக்கல. அந்த ஸ்கூலு அப்புறம் தொறக்கவே இல்ல."

ஊரே சொல்லிச் சிரிக்கிற அந்த மனிதர் சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து, "செத்தவங்க வீட்டுல இருக்கணும், போங்க" என்று விரட்டினார். போனேன்.

வியாழக்கிழமை பார்த்தா சென்னை அறக்கட்டளையிலிருந்து ஒரு அம்மையார் வந்து இறங்க வேண்டும்? வந்தவரைச் செலின் வாங்க என்று வரவேற்றிருக்கிறாள். தலைமை டீச்சர் எங்கே என்று அவர் கேட்டிருக்கிறார். செலின் பொய் சொல்லத் தெரியாதவள்.

"டீச்சர் செத்துட்டாங்கம்மா."

அம்மையார் ஆடிப்போய்விட்டார். கைப்பையைக் கீழே வைத்து, தலை குனிந்து மௌனமாக நின்றார். அவரைப் பார்த்து எங்கள் பிள்ளைகளும் வரிசையாக நின்று தலை குனிந்தன. பெரியவர்கள் செய்வதை அப்படியே செய்ய வேண்டும் என்று பழக்கியது நான்தான். மௌனம் முடிந்ததும் அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"எப்பம்மா?"

"திங்கக்கிழம காலையில. வர்ற திங்கக்கிழம வந்துடுவாங்க. நீங்க காப்பி குடிக்கிறீங்களா?"

அந்தம்மா பதில் சொல்வதற்குள் செலின் காப்பி கொண்டுவந்தாள். மாத்திரை அட்டவணையைக் காட்டினாள். செவ்வாய்க்கிழமையே படம் வரைந்து சுவரில் ஒட்டிவிட்டாளாம், ஒவ்வொரு பிள்ளை முகத்துக்குப் பக்கத்திலும் மாத்திரையின் நிறம். என் தலைக்குள் இருந்தது இப்போது யாரும் பார்க்கிற சுவரில் இருந்தது. வாசலில் ஸ்டூலில் இருந்த மனிதர் யார் என்று அம்மையார் கேட்டதற்கு, "அவருதாங்க எமன். தொந்தரவு பண்ண மாட்டாரு" என்றும் விளக்கியிருக்கிறாள். அடுத்த மாதம் புது வேன் வந்தது.

திங்கட்கிழமை நான் உயிரோடு திரும்பினேன். எமன் சார் நோட்டைக் காட்டினார். திங்கள் அன்று பதினேழு கோடு, சனிக்கிழமை ஒன்றுகூட இல்லை. நான் செலினைத் தனியாக அழைத்து, வெட்கத்தை விட்டு, "என்னைத் தேடினீங்களா செலின்?" என்று கேட்டேன்.

"நேரமில்ல டீச்சர்" என்றாள். சொல்லிவிட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டப் போய்விட்டாள்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் சாகடித்த எங்கள் எல்லோருக்கும் எமன் சாரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "நாளை முதல் ஒரு வாரம் நான் செத்துப்போகிறேன். யாரும் போன் செய்ய வேண்டாம்." புதுப் பரீட்சை என்று நினைத்துச் சிரித்தோம். எட்டாம் நாள் பேச்சில்லை. ஒன்பதாம் நாளும் இல்லை. ரத்ததானச் சங்கத் தலைவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். சார் தஞ்சாவூரில் நெஞ்சு ஆபரேஷன் செய்துகொண்டு, அன்று காலைதான் வீடு திரும்பியிருக்கிறார்.

நானும் செலினும் ஓடினோம். கட்டிலில் பாதியாக இளைத்துப் படுத்திருந்தார். ஸ்டூல் வாசலில், செருப்புகளுக்குப் பக்கத்தில் மடக்கியபடி இருந்தது. எங்களைப் பார்த்ததும் முதல் கேள்வியே அதுதான்.

"நான் இல்லாம என்ன கஷ்டம் வந்துச்சு? உள்ளதச் சொல்லுங்க."

உள்ளதைச் சொன்னால் ஒரு கஷ்டமும் வரவில்லை. அந்த வாரம் மையத்தில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தது, செலினே பார்த்துக்கொண்டாள். அவருடைய பாடப்படி 'ஒண்ணும் இல்ல சார்' என்பதுதான் சரியான விடை. அதைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

"எல்லாம் நின்னு போச்சு சார்" என்றாள், பொய் சொல்லத் தெரியாத செலின்.

"நெசமாவா?" என்று அவர் என்னைப் பார்த்தார்.

"ஆமாம் சார். வேன் கதவுகூடத் தொறக்கல" என்றேன் நான்.

"ரெண்டு பேரும் பெயில்" என்றார். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது, சிரிப்பா வேறு எதுவா என்று நாங்கள் எட்டிப்பார்க்கவில்லை.

மையத்தைப் பற்றி நான் சொன்னது பொய்தான், அது நன்றாகவே நடந்தது. ஆனால் அந்த ஒன்பது நாளும், தெருவில் எந்த ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலும் கையில் இருந்த வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.